புகழ்மீட்சியா, பெயர்மீட்பா? திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

(வன்னி ஆசிரியர்கள் நால்வரின் உரையாடல்; ஒவ்வொருவரும் ஊர்ப்பெயரில்.)

முரசுமோட்டை:
உயர்தர அரசறிவியல் கையேடு திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. பதவியில் இருக்கும்போது பெயர் கெட்டு, இறங்கிய பிறகு மதிப்புக் கூடும் தலைவர்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அதற்கு ஒற்றைச் சொல் தேவை. இப்போதைக்குப் 'புகழ்ப் புனர்வாழ்வு' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

மாங்குளம்:
ரீச்சர், அந்தச் சொல் வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்குப் புனர்வாழ்வு என்றால் 2009இல் போர் முடிந்தபின் தகப்பனும் மாமனும் இருந்த முகாம். யாராவது 'மீள்குடியேற்றம்' என்று தொடங்கிவிடவும் வேண்டாம்.

வவுனியா:
வள்ளுவர் இருக்க ஏன் அலைகிறீர்கள்? 'இசையென்னும் எச்சம் பெறாஅ விடின்' (238). இசை என்றால் புகழ். அஞ்சு அச்சமாகும், மிஞ்சு மிச்சமாகும், எஞ்சு எச்சமாகும். ஆள் போனபின் எஞ்சுவதுதானே இங்கே பேச்சு? ஆகவே 'எச்சவிசை'. 'பெயரெச்சம்' இன்னும் பொருத்தம், இலக்கணக்காரர் முந்திவிட்டார்கள்.

புதுக்குடியிருப்பு:
ஐயா, எச்சவிசை என்றால் பௌதிகவியல் சேர் சண்டைக்கு வருவார். எச்சம் என்றாலே பின்வாங்குப் பெடியள் காகத்தைத்தான் நினைப்பார்கள்.

என் கட்சி மீட்சி. மீள்வது மீட்சி, மீட்பது மீட்பு, தன்வினை, பிறவினை. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனுக்கு 1952 பெப்ரவரியில் கலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் ஆதரவு 22 சதவீதம். பதவி இறங்கிய பிறகு அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. காலம் போகப் போக, அவர் காலத்து நேட்டோ இராணுவக் கூட்டணியையும் போரில் நொந்த ஐரோப்பாவுக்கு உதவிய மார்ஷல் திட்டத்தையும் வேறு கண்ணால் பார்த்தார்கள். 2021இல் சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாசிரியர்களைக் கேட்டுப் போட்ட ஜனாதிபதிகள் தரவரிசையில் 6ஆம் இடம். இது மீட்சி. இன்னொரு ஜனாதிபதி கார்ட்டர் 1980 தேர்தலில் தோற்றார். 1982இல் கார்ட்டர் மையத்தைத் தொடங்கி, 1986இல் ஏறத்தாழ 35 லட்சம் பேரைப் பிடித்திருந்த நரம்புச்சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபட்டார். 2002இல் நோபல். இது மீட்பு.

முரசுமோட்டை:
தம்பி, ஒரு சொல் கேட்டேன், இரண்டு தருகிறீர்கள்.

மாங்குளம்:
கார்ட்டரின் கணக்கும் அவ்வளவு நேர் இல்லை. அதே சி-ஸ்பான் பட்டியலில் 2000இல் 22ஆம் இடம், 2021இல் 26. ஆள் உயர்ந்தார், ஆட்சி உயரவில்லை. அப்படியென்றால் மீண்டது எது?

இன்னொன்று. அந்தத் தரவரிசை அமெரிக்காவில் போட்டது. 1945 ஓகஸ்ட்டில் ஜப்பானில் போட்ட அணுகுண்டுகளுக்கு அனுமதி தந்தவரும் இதே ட்ரூமன்தான். நாகசாகியில் கேட்டால் எத்தனையாம் இடம்? 'மீட்சி' என்றாலே பழைய பெயர் நியாயமற்றது என்று தீர்ப்பெழுதியாயிற்று. 'மறுமதிப்பீடு' போதும், ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

புதுக்குடியிருப்பு:
அது விடைத்தாள் மறுபடி திருத்துவது மாதிரி இருக்கிறது அண்ணை.

வவுனியா:
'இசைமீட்பு'?

புதுக்குடியிருப்பு:
வீணை வாசிக்கவா ஐயா?

முரசுமோட்டை:
அச்சகத்திலிருந்து இரண்டு தரம் அழைப்பு வந்துவிட்டது. 'புகழ்மீட்சி' என்று அனுப்பிவிட்டேன். பெரும்பாலானவர்கள் அதற்குத்தான் தலையாட்டினீர்கள், அல்லது களைத்துவிட்டீர்கள். நாகசாகிக் கேள்வியைப் பயிற்சி வினாவாகச் சேர்த்திருக்கிறேன்.

மாங்குளம்:
வினாவுக்கு நன்றி ரீச்சர். சொல்லுக்கு எனக்கு இன்னும் சம்மதமில்லை. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

வவுனியா:
எச்சம் பற்றிக் குறள் 114ஐயும் ஒருக்கால் பாருங்கள்.