சிம்ப்சன்ஸ் 20-வது சீசன் புளூ-ரே யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் 20-வது சீசன் புளூ-ரே (உயர்தர வீடியோ வட்டு) வைத்திருப்பவர்களின் உதவி தேவைப்படுகிறது.

2008 செப்டம்பரில் தொடங்கிய இந்த சீசனோடுதான், 20 சீசன்கள் ஓடிய பழைய தொடரான ‘கன்ஸ்மோக்’கின் அமெரிக்கச் சாதனையை இத்தொடர் எட்டிப்பிடித்தது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், சீசனின் நடுவே நடந்த மாற்றம். 2009 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் படத்தின் அகல-உயர விகிதம் 4:3 அளவிலிருந்து 16:9 ஆக அகன்றது. தொடக்கக் காட்சியையும் புதிதாக வரைந்தார்கள். கடையில் சிம்ப்சன் வீட்டுக் கைக்குழந்தை மேகி எதிரிலுள்ள குழந்தையிடம் முஷ்டியை ஆட்டுவதும், சுவரில் மாட்டிய தொலைக்காட்சி கழன்று விழுவதும் எனக்கு அலுக்கவே அலுக்காது.

இதைப் பற்றி விரிவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மாற்றத்துக்கு முந்தைய அத்தியாயங்கள் வட்டில் 4:3 அளவிலேயே வருகின்றனவா, இல்லை மேலும் கீழும் வெட்டப்பட்டிருக்கின்றனவா? வெட்டினால் நகைச்சுவையே போய்விடும். 2019-இல் டிஸ்னி பிளஸ் ஓடிடி தளம் தொடங்கியபோது பழைய சீசன்களுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. தொடரில் வரும் கற்பனை பீரான டஃபின் மூன்று வகைகளும் ஒரே குழாயிலிருந்து இறங்குவதுதான் நகைச்சுவை என்ற காட்சியில் அந்தக் குழாயே காணாமல் போயிற்று! ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு, 2020 மே மாதம் பழைய அளவும் கிடைத்தது.

இன்னொன்று: புளூ-ரே வட்டுகளும் பிளேயர்களும் மண்டலவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன; அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். அமெரிக்க வட்டு இங்கே வாங்கிய பிளேயரில் ஓடுமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தின் ஏதாவது ஒரு காட்சியை, திரை முழுவதும் தெரியும்படி படமெடுத்து அனுப்பினாலும் பேருதவி.