ஃபைபர் சிமென்ட் போர்டு அறுத்தால் பிளேடு சீக்கிரமே மழுங்குகிறது, எந்தப் பிளேடு போடலாம்?

கேள்வி

தடுப்புச் சுவருக்காக 8 மி.மீ. ஃபைபர் சிமென்ட் போர்டு வெட்டிக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது 185 மி.மீ. சர்குலர் சா, அதில் பிளைவுட்டுக்கான 40 பல் கார்பைடு பிளேடு. முதல் சில வெட்டு நன்றாகப் போனது. அப்புறம் மெஷினை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது, கருகல் வாடை அடிக்கிறது, ஓரமும் உதிர்கிறது. ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் டிஸ்க் போட்டால் வெட்டுகிறது, ஆனால் எதிரில் நிற்பவர் தெரியாத அளவுக்குத் தூசி. 60 பல், 80 பல் பிளேடு வாங்கினால் சரியாகுமா?

பதில் 1

பல்லைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். இந்த போர்டில் சிமென்ட்டோடு சிலிக்கா மணலும் கலந்திருக்கிறது. பல் முனையை அது உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். முனை மழுங்கிவிட்டால் பல் வெட்டாது, உரசும். நீங்கள் சொல்லும் சூடு, கருகல், உதிரும் ஓரம் மூன்றும் அந்த உரசலால் வருபவை.

இதற்கென்றே பிசிடி பிளேடு இருக்கிறது. பல் முனையில் கார்பைடுக்குப் பதிலாகச் செயற்கை வைரத்துகளை இறுக்கிச் செய்த கட்டி ஒட்டியிருக்கும். உங்கள் 185 மி.மீ. அளவில் பெரும்பாலும் 4 பல்தான். பார்த்தால் பல் உதிர்ந்த பிளேடு போல இருக்கும், நம்பி வாங்குங்கள். பல் குறைவு என்பதால் ஒவ்வொரு பல்லும் சற்றுப் பெரிய துணுக்காகப் பெயர்த்தெடுக்கும். மாவு போன்ற தூசி குறையும். துணுக்கு பல் இடுக்கில் அடைக்காமல் வெளியேறும். மெதுவாக நகர்த்தினால் இதுவும் உரச ஆரம்பித்துவிடும், அதனால் ஒரே சீராகத் தள்ளுங்கள். பல் போர்டுக்குக் கீழே சில மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். சர்குலர் சாவில் பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டுவதால், நல்ல முகத்தைக் கீழே வையுங்கள்.

பதில் 2

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் மூடிய அறைக்குள் வேலை என்றால் ஷியர் மெஷினையும் பாருங்கள். இரண்டு நிலையான தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளேடு மேலும் கீழும் ஆடி, சுமார் 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையாகவே நறுக்கி எடுக்கும். தூசி மிகவும் குறைவு. அந்தப் பட்டை கழிவுப் பக்கம் விழும்படி கோடு போடுங்கள், இல்லையென்றால் அளவு குறைந்துவிடும். 8 மி.மீ. போர்டை எல்லா ஷியரும் தாங்காது, வாங்கும் முன் அதன் திறனைப் பாருங்கள்.

எந்தக் கருவியானாலும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயை வரவைக்கும். துணி கட்டிக்கொள்வது பயன்படாது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் துகள் வடிகட்டி மாஸ்க் போடுங்கள், மெஷினில் வேக்குவம் குழாயும் மாட்டுங்கள்.

கேட்டவர்

தெளிவாகப் புரிந்தது, மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்விட்ச் பாக்ஸுக்குச் சதுர ஓட்டை எதில் போடுவது? ஜிப்சம் போர்டுக்கும் இந்தப் பிளேடு போடலாமா? ஓட்டைக்கு அந்த 40 பல் பிளேடில் சின்னதாக ஒன்று வாங்கி கிரைண்டரில் மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார்.

பதில் 1

கிரைண்டரில் பல் வைத்த மரப் பிளேடு வேண்டவே வேண்டாம். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். பல் ஒரு முறை கவ்வினால் மெஷின் உங்கள் பக்கம் எகிறும், கையால் பிடித்து நிறுத்த முடியாது.

ஓட்டைக்கு நான்கு மூலையிலும் துளை போட்டு, ஜிக்சாவில் கார்பைடு துகள் ஒட்டிய பிளேடால் அறுங்கள். அதில் பல்லே இருக்காது, மெதுவாகத்தான் போகும், ஆனால் ஓரம் உடையாது. ஜிப்சம் போர்டுக்கு இதெல்லாம் எதற்கு? கட்டர் கத்தியால் மேல் காகிதத்தைக் கீறி, பின்பக்கமாக மடக்கி உடைத்து, மறுபக்கக் காகிதத்தை அறுத்தால் முடிந்தது. கத்தி பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கினால் காகிதத்தைக் கிழித்துவிடும்.

ஒன்றை விட்டுவிட்டேன்: பிசிடி முனை கடினம், ஆனால் எளிதில் நொறுங்கும். ஏற்கெனவே அடித்த போர்டை வெட்டுவதானால் வழியில் ஸ்குரூ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.