முகப்புத் திரையை அடுக்கி வைத்தால் காலையில் கலைந்து கிடக்கிறது, உதவுங்கள்

தென்காசிக்காரி | இரவு 10:48
வணக்கம். குரூப் 4-க்குப் படிக்கிறேன். அகராதி பார்க்கப் போனை எடுத்தால் கை வேறு எதையோ திறந்துவிடுகிறது. அதனால் முகப்புத் திரையைச் சுத்தம் செய்தேன். முதல் பக்கத்தில் போன், கேமரா, கால்குலேட்டர், அகராதி, இந்த நான்கு மட்டும். மேலே அன்றைய பாடப் பட்டியல் விட்ஜெட், அதாவது செயலியைத் திறக்காமலே பட்டியல் திரையில் தெரியும் சின்னப் பெட்டி. மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். பார்க்கவே நிம்மதியாக இருந்தது. காலையில் பார்த்தால் பட்டியலைக் காணோம், அகராதியையும் காணோம். நான்கு நாளாக இப்படித்தான். தினமும் அடுக்குவதிலேயே நேரம் போகிறது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மணிமுத்தாறு | இரவு 10:55
என்ன போன்? ஆண்ட்ராய்டு எத்தனை? எடுத்துவிட்டேன் என்றால் அன்இன்ஸ்டாலா, முகப்பிலிருந்து மட்டும் நீக்கினீர்களா? இதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கறுப்புவெள்ளை | இரவு 11:02
அடுக்குவது அப்புறம். முதலில் நிறத்தை எடுங்கள். ஐகானின் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் 47 என்று இருந்தால் எந்த மனிதனாலும் தொடாமல் இருக்க முடியாது. டிஜிட்டல் வெல்பீயிங் உள்ளே உறக்க நேரப் பயன்முறை இருக்கும். அதில் திரையைச் சாம்பல் நிறமாக்கலாம். ஐபோன் என்றால் அணுகல்தன்மையில் வண்ண வடிகட்டி. பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் நிறம் போகிற மாதிரியும் வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டு வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன். வீடியோக்கள் பழைய தினசரித்தாள் மாதிரி ஆகிவிடும், தானாகவே கீழே வைத்துவிடுவீர்கள்.

சிஸ்டம்_செல்வம் | இரவு 11:10
இதே கேள்விக்கு இங்கே பல முறை விளக்கமாக எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். திரையில் வெற்றிடத்தை அழுத்திப் பிடியுங்கள், அமைப்புகளுக்குள் போங்கள். சாம்சங், ஷாவ்மி இரண்டிலும் முகப்பு அமைப்பைப் பூட்டும் வசதி இருக்கிறது. புதிய செயலி தானாக முகப்புக்கு வருவதை நிறுத்தும் பொத்தானும் அங்கேயே இருக்கும். பிக்சலிலும் அது உண்டு. இவை தெரியாமல் அடுக்கினால் கலையத்தான் செய்யும்.

தென்காசிக்காரி | இரவு 11:19
பூட்டித்தான் வைத்திருக்கிறேன் அண்ணா. காலையிலும் பூட்டு அப்படியே இருக்கிறது, ஆனால் பட்டியல் இல்லை. ஆண்ட்ராய்டு 10. அண்ணன் பயன்படுத்திய போன். எதையும் அன்இன்ஸ்டால் செய்யவில்லை.

சிஸ்டம்_செல்வம் | இரவு 11:24
அப்படியானால் லாஞ்சரே, அதாவது முகப்புத் திரையைக் காட்டும் செயலியே சரியில்லை. ஓலாஞ்சர் போடுங்கள். ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் கிடையாது. ஐகானே இல்லாமல் செயலியின் பெயர் மட்டும் எழுத்தாக நிற்கும். படங்கள் கண்ணை இழுப்பதால்தான் பிரச்சினை. அடிப்படையைச் சரிசெய்யாமல் விட்ஜெட், பட்டியல் என்று மேலே மேலே அடுக்குவதில் பயனில்லை.

தறிச்சத்தம் | காலை 6:05
தங்கச்சி, பரீட்சை முடியும் வரை கீபேட் போன் வாங்கிக்கொள். 200 கேள்வி, 3 மணி நேரம். அவ்வளவு நேரம் எதையும் தொடாமல் உட்காரும் பழக்கம் இப்போதே வேண்டும். என் மகன் அப்படித்தான் படித்தான். பணம் அனுப்ப முடியாதே என்பார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கென்றே 2022 மார்ச்சில் யூபிஐ 123பே வந்துவிட்டது. எண்ணுக்குப் போன் செய்தே அனுப்பலாம்.

இருபிள்ளை_அம்மா | காலை 6:40
கீபேட் எல்லோருக்கும் சரிப்படாது அண்ணா. மழை நாளில் பள்ளி விடுமுறையா என்பது எங்களுக்கு வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. அதைப் பார்க்காமல் பிள்ளையைக் கிளப்பி, நனைந்து திரும்பி வந்த நாள் உண்டு. வாட்ஸ்அப் முதல் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கறுப்புவெள்ளை | காலை 6:52
இருக்கட்டும், ஆனால் முதல் பக்கத்தில் வேண்டாம். தேடி எடுக்கிற அந்த மூன்று நொடியில்தான் ‘இப்போது இது தேவையா’ என்று மனசு கேட்கும். கண் முன்னாலேயே இருந்தால் கேட்காது.

இருபிள்ளை_அம்மா | காலை 7:01
ஒரு நாளைக்கு இருபது தடவை தேடினால் அதுவே எரிச்சல். நான் செய்திருப்பது வேறு. தேவையில்லாத குழுக்களை எல்லாம் ஆர்க்கைவில் போட்டுவிட்டேன். 2021-க்குப் பிறகு அங்கே புதுச் செய்தி வந்தாலும் அரட்டை மேலே ஏறி வருவதில்லை. பள்ளிக் குழு மட்டும் சத்தம் போடும். செயலி எங்கே இருக்கிறது என்பதைவிட எது கூப்பிடுகிறது என்பதுதான் முக்கியம். ஓர் அறிவிப்பை அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் நிறுத்தலாம். கடைக்காரர்களின் தள்ளுபடி அறிவிப்பு நிற்கும், பார்சல் வரும் தகவல் வரும்.

தறிச்சத்தம் | காலை 7:15
இவ்வளவு செய்வதற்குப் பதில் போனையே மாற்றிவிடலாம் என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு குழுவாக உட்கார்ந்து அடைக்க யாருக்கு நேரம்?

நெல்லை_நாற்காலி | காலை 7:30
அமைதியான முகப்பு என்றால் எனக்கு அம்மாவின் போன்தான். திருச்செந்தூர் முருகன் படம் வைத்திருக்கிறார். சாமி முகத்தின் மேல் எதுவும் இருக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் கீழ் வரிசைக்குத் தள்ளச் சொன்னார். நான்குதான் நின்றது, மற்றதெல்லாம் உள்ளே போய்விட்டது. போனை எடுத்தால் முதலில் முருகனைப் பார்ப்பார். அப்புறம்தான் எதற்கு எடுத்தோம் என்ற வேலை. எந்த லாஞ்சரும் தேவைப்படவில்லை.

சிஸ்டம்_செல்வம் | காலை 7:41
கேள்வி முருகனைப் பற்றியதல்ல. கேட்டவர் லாஞ்சர் மாற்றினாரா இல்லையா என்றே சொல்லவில்லை. பாதித் தகவலோடு விட்டுவிட்டுப் போனால் உதவுகிறவர்களின் நேரம்தான் வீண்.

வாய்க்கால்கரை | காலை 8:20
தென்காசிக்காரி, இரண்டு கேள்வி. இரவு போனை அணைத்துவிடுவீர்களா? மெமரி கார்டு போட்டிருக்கிறீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், காணாமல் போகிற பட்டியலும் அகராதியும் நீங்கள் பின்னால் இறக்கியவை. அசையாமல் நிற்கிற போன், கேமரா, கால்குலேட்டர் மூன்றும் போனோடு வந்தவை. போனோடு வந்தது உள் நினைவகத்தை விட்டு நகராது. நாம் இறக்கியதைக் கார்டுக்கு மாற்றலாம். ஆண்ட்ராய்டு 2.2 வந்த 2010-லிருந்தே இந்த வசதி உண்டு. ஆனால் போனை மறுபடி இயக்கும்போது முகப்புத் திரை முதலில் எழுந்துவிடும், கார்டு கொஞ்சம் தாமதமாகத்தான் திறக்கும். அந்த நேரத்தில் கார்டில் உள்ள செயலி இல்லாதது போலவே போனுக்குத் தோன்றும். அதன் விட்ஜெட்டை எடுத்துவிடும். அதனால்தான் விட்ஜெட் உள்ள செயலியைக் கார்டில் வைக்க விட வேண்டாம் என்று ஆண்ட்ராய்டு உருவாக்குநர் கையேடே சொல்கிறது. நினைவூட்டல்களும் இப்படியே அழிந்துபோகும். முகப்பைப் பூட்டினாலும் பலன் இருக்காது. பூட்டு நம் விரலைத் தடுக்கும், இதைத் தடுக்காது.

தென்காசிக்காரி | மதியம் 1:12
ஆமாம் அண்ணா, 11 மணிக்கு அணைத்துவிடுவேன். கார்டு உண்டு. உள்ளே 32 ஜிபிதான், இடமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் போன வாரம் பாதியைக் கார்டுக்கு மாற்றினேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு நாள் ரிமைண்டரும் அடிக்கவில்லை!

வாய்க்கால்கரை | மதியம் 1:20
அதுதான். அமைப்புகள், செயலிகள், பட்டியல் செயலி, சேமிப்பகம், அங்கே ‘மாற்று’ என்றிருக்கும். உள் நினைவகத்துக்குக் கொண்டுவாருங்கள். அகராதிக்கும் அதேபோல். இடம் வேண்டுமானால் படங்கள், வகுப்பு வீடியோ, பிடிஎஃப் எல்லாவற்றையும் கார்டுக்குத் தள்ளுங்கள். அவை எவ்வளவு தாமதமாகத் திறந்தாலும் ஒன்றும் ஆகாது. அப்புறம் விட்ஜெட்டைப் புதிதாக வைத்து, ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். நினைவூட்டலையும் மறுபடி வையுங்கள்.

சிஸ்டம்_செல்வம் | மதியம் 1:34
மெமரி கார்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஓலாஞ்சர் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

தறிச்சத்தம் | மதியம் 2:05
கீபேட் போனில் மெமரி கார்டு போட்டாலும் இந்தத் தொல்லை வராது.

இருபிள்ளை_அம்மா | மதியம் 2:11
பள்ளி அறிவிப்பும் வராது அண்ணா.

தென்காசிக்காரி | மறுநாள் காலை 5:50
அப்படியே இருக்கிறது. பட்டியல், அகராதி இரண்டும் வைத்த இடத்தில். வாய்க்கால்கரை அண்ணாவுக்கு நன்றி. எல்லோருக்கும் நன்றி. படிக்கப் போகிறேன்.

மணிமுத்தாறு | காலை 9:15
மகிழ்ச்சி. அந்தப் பட்டியல் செயலியின் பெயர் என்ன? நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மணிமுத்தாறு | மூன்று நாள் கழித்து
யாருக்காவது தெரியுமா?