பெரியப்பாவின் கேம்பர்வானுக்குக் காப்புறுதி: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். வான் வேலை முடிந்துவிட்டது. கட்டில், காஸ் அடுப்பு, பிரிட்ஜ், கூரையில் சோலர் எல்லாம் பூட்டியாயிற்று. ஆனால் காப்புறுதிக் கொம்பனிக்குப் போன் எடுத்துச் சொன்னால், மாற்றம் செய்த வானை நாங்கள் எடுப்பதில்லை, 73 வயதுக்குப் புதிதாக எழுதுவதும் இல்லை என்கிறார்கள். வேல்ஸில் ஸ்கந்தவேல் கோயிலுக்குப் போவதாகப் பெரியம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாமா: இவ்வளவு காலம் விபத்தே இல்லாமல் ஓடுகிற மனிசனுக்கு இப்படிச் சொல்லலாமா? வயதைக் காட்டி மறுப்பது சட்டப்படி பிழை இல்லையா?

அண்ணா (பெரியப்பாவின் மகன்): அப்பா, யோசிக்காதீர்கள். என் பெயரில் எடுத்து, உங்களை இரண்டாவது சாரதியாகப் போடுவோம். எனக்கு 41, விலையும் குறையும்.

நான்: அண்ணா, அதை மட்டும் செய்யவேண்டாம். வான் பெரியப்பாவுடையது, ஓடப்போவதும் அவர்தான். முக்கிய சாரதி என்று உங்கள் பெயரைக் கொடுத்தால் அதை இங்கே பிரிட்டனில் மோசடியாகத்தான் எடுப்பார்கள். நான் வேலை செய்வது இழப்பீட்டுப் பிரிவில், இப்படி வந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். காப்புறுதியை ரத்துச் செய்தால் அது உங்கள் பெயரில் நிற்கும். பிறகு உங்கள் சொந்தக் காருக்கு எடுக்கும்போதும் அதைச் சொல்லவேண்டி வரும்.

அண்ணா: சரி சரி, விடு. வேறு வழி சொல்லு.

நான்: மாமா கேட்டதற்கு முதலில். 2010 சமத்துவச் சட்டத்தில் நிதிச் சேவைகளுக்கு வயது விடயத்தில் விலக்கு இருக்கிறது. நம்பகமான தரவை வைத்து வயதைக் கணக்கில் எடுக்க அவர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் 2012இல் காப்புறுதிக் கொம்பனிகளும் புறோக்கர் சங்கமும் அரசாங்கத்தோடு ஓர் உடன்பாடு செய்தார்கள். வயதைக் காரணம் காட்டி மறுத்தால், எடுக்கக்கூடிய வேறு இடத்தையோ புறோக்கரைத் தேடும் சேவையையோ காட்டிவிடவேண்டும். பெரியப்பா, உங்களுக்கு அப்படி ஏதாவது சொன்னார்களா?

பெரியப்பா: ஒன்றும் சொல்லவில்லை பிள்ளை. மன்னிக்கவும் என்று போனை வைத்துவிட்டார்கள்.

நான்: அப்படியென்றால் நாங்களே கேட்போம். பிரிட்டிஷ் காப்புறுதிப் புறோக்கர்கள் சங்கத்தை பிபா என்பார்கள். அவர்களிடம் போனிலும் இணையத்திலும் கேட்கலாம், கேம்பர்வானுக்கென்றே இருக்கிற புறோக்கர்களைக் காட்டுவார்கள். விலை ஒப்பிடும் இணையத்தளங்களில் மினக்கெடவேண்டாம். அங்கே மாற்றம் செய்த வான் என்று குறித்ததும் பாதிப் பேர் விலகிவிடுவார்கள். ஆளோடு பேசினால்தான் இந்த வேலை நடக்கும்.

பெரியம்மா: என் முழங்காலுக்காகப் பூட்டின அந்தத் திரும்புகிற சீற்றையும் சொல்லவேண்டுமா? சின்ன விசயம்தானே.

நான்: கட்டாயம் சொல்லவேண்டும் பெரியம்மா. சீற், சோலர், இரண்டாவது பற்றரி, டீசல் ஹீற்றர், பக்கத்தில் வெட்டிப் போட்ட ஜன்னல், புதிய சில்லு, ஒட்டின ஸ்ரிக்கர் வரைக்கும். 2012இல் வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, அவர்கள் கேட்கிற கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது எங்கள் பொறுப்பு. கவனக்குறைவால் ஒன்று விடுபட்டால் இழப்பீட்டை வெட்டுவார்கள். உதாரணத்துக்கு, எல்லாம் சொல்லியிருந்தால் பிரீமியம் 900 பவுண் என்று வையுங்கள், நீங்கள் கட்டியது 600. வானுக்கு 15,000 பவுண் இழப்பு வந்தால் 10,000தான் கையில் வரும். முதலிலேயே தெரிந்திருந்தால் எடுத்தே இருக்கமாட்டோம் என்று அவர்கள் காட்டினால், கட்டின பிரீமியத்தைத் திருப்பித் தருவதோடு சரி. வேண்டுமென்றே மறைத்தது என்றால் அதுவும் கிடைப்பது கஷ்டம்.

மாமா: இடிபட்ட மற்றக் காருக்கு?

நான்: மூன்றாம் ஆளுக்குப் பெரும்பாலும் கொம்பனி கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அந்தக் காசைப் பெரியப்பாவிடம் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது.

அப்பா: அண்ணை, லைசென்ஸ் சரியாக இருக்கிறதா? 70க்குப் பிறகு மூன்று வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டுமே.

பெரியப்பா: 70இல் புதுப்பித்தேன். இந்த வருசம் திரும்பவும் வந்தது, அதுவும் முடிந்தது. காசு இல்லை. கண்ணும் பரவாயில்லை, 20 மீற்றரில் நம்பர் பிளேற் வாசிக்கிறேன்.

மாமா: நான் வாங்க யோசிப்பது பெரிய மோட்டர்ஹோம், 3.5 தொன்னுக்கு மேலே. 1989இல் எடுத்த லைசென்ஸ். அது காணும்தானே?

நான்: 1997 ஜனவரிக்கு முன் கார் சோதனை பாஸ் பண்ணியவர்களுக்கு சி1 பிரிவும் சேர்ந்தே கிடைத்திருக்கும், அதனால் 7.5 தொன் வரை ஓடலாம். ஆனால் 70 வயதோடு அது நின்றுவிடும். தொடர வேண்டுமென்றால் டொக்டர் நிரப்புகிற டி4 படிவம் கொடுத்துக் கேட்கவேண்டும். உங்களுக்கு அடுத்த வருசம் 70 என்றபடியால் வாங்க முதல் யோசியுங்கள் மாமா. லைசென்ஸ் செல்லாது என்றால் காப்புறுதியும் நிற்காது. பெரியப்பாவின் வான் 3.5 தொன்னுக்குள், அதனால் இந்தப் பிரச்சினை இல்லை. தண்ணீர்த் தாங்கி, சாமான் எல்லாம் ஏற்றி ஒருமுறை எடை நிறுத்துப் பார்த்தால் நல்லது.

பெரியப்பா: நீரிழிவு இருக்கிறதே. அதைச் சொன்னால் கூட்டிவிடுவார்களோ?

நான்: குளிசை மட்டும்தானே? இன்சுலின் போட்டால், அல்லது இரண்டு கண்ணிலும் குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால், லைசென்ஸும் வாகனப் பதிவும் பார்க்கிற டிவிஎல்ஏக்கு அறிவிக்கவேண்டும். அறிவித்த நோய் ஏதும் இருக்கிறதா என்று புறோக்கரும் கேட்கலாம். கேட்டதற்கு மறைக்காமல் சொல்லுங்கள், போதும்.

அண்ணா: வாகனப் பதிவுப் பத்திரத்தில், அதுதான் லொக்புக்கில், இன்னும் வான் என்றுதான் இருக்கிறது. மோட்டர் கரவன் என்று மாற்ற டிவிஎல்ஏயிடம் கேட்டேன், தரவில்லை.

நான்: அது நிறையப் பேருக்கு நடக்கிறது. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால் போதாது, வெளியிலிருந்து பார்க்கவே மோட்டர் கரவன் போல இருக்கவேண்டும் என்கிறார்கள். பக்க ஜன்னல்கள், ஓனிங் (வெளியே விரிக்கிற நிழல் துணி), உயர்ந்த கூரை, இரண்டு பக்கமும் கோடுகள் என்று பார்ப்பார்கள். ஆனால் லொக்புக் மாறாவிட்டாலும், படத்தைப் பார்த்து கேம்பர்வானாகவே எழுதுகிற புறோக்கர்கள் இருக்கிறார்கள். உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள். ரசீதுகளை ஒரு கோப்பில் போடுங்கள். காஸ் வேலையை, கேம்பர்வானில் காஸ் பார்க்கத் தகுதியுள்ள, காஸ் சேஃப் பதிவேட்டில் இருக்கிற ஆளிடம் காட்டி ஒரு பத்திரம் எடுங்கள்.

பெரியம்மா: ரசீது எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

*அடுத்த நாள் மாலை*

பெரியப்பா: பிபா காட்டின புறோக்கரோடு பேசினேன். நல்ல பொறுமையான பிள்ளை. வயதைச் சொன்னேன், பிரச்சினை இல்லை என்றது. இரவில் வான் எங்கே நிற்கும், அலாரம் உண்டா, வருசத்துக்கு எத்தனை மைல் என்று கேட்டது. படங்களும் அனுப்பினேன். பழைய வான் காப்புறுதியைவிடக் கொஞ்சம்தான் கூட.

நான்: நல்லது பெரியப்பா! ஒன்று கேட்டீர்களா, சந்தை விலையா, உடன்பட்ட பெறுமதியா?

பெரியப்பா: அப்படி என்றால்?

நான்: சந்தை விலை என்று எழுதினால், களவு போனபின் அதே வயதுள்ள வெறும் வானின் விலையைக் காட்டிப் பேசுவார்கள். அண்ணா இரவு பகலாகச் செய்த வேலை கணக்கில் வராமல் போகலாம். படத்தையும் ரசீதையும் பார்த்து முன்கூட்டியே ஒரு தொகைக்கு உடன்படுவது மற்றது. அதைத்தான் கேளுங்கள். உள்ளே வைக்கிற சாமானுக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். நகை பெரும்பாலும் சேராது, பெரியம்மாவின் சங்கிலியை வானில் விடவேண்டாம்.

அப்பா: புதியது தொடங்கும் வரை பழையதை ரத்துச் செய்யாதே அண்ணை. பழையவர்களிடம் மாற்றத்தைச் சொல்லியாயிற்று, அதனால் சான்றிதழ் வரும்வரை வானை றோட்டில் எடுக்கவும் வேண்டாம்.

பெரியப்பா: ஓம், எடுக்கவில்லை. உடன்பட்ட பெறுமதிக்கும் இப்போது கேட்டுவிட்டேன், ரசீது அனுப்பினால் தருவார்களாம். விபரப் பத்திரம் மெயிலில் வந்திருக்கிறது.

நான்: ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். தவறு இருந்தால் இன்றைக்கே திருத்தவேண்டும். பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் விலகவும் முடியும்.

பெரியப்பா: வாசித்தேன். டீசல் ஹீற்றர் அதில் இல்லை, மைலையும் 5,000 என்று போட்டிருக்கிறார்கள், நான் சொன்னது 8,000.

நான்: உடனே போன் எடுங்கள். மெயிலிலும் எழுதுங்கள், எழுத்தில் இருக்கவேண்டும்.

பெரியப்பா: எடுத்துச் சொல்லிவிட்டேன், மெயிலும் போட்டாயிற்று. திருத்தின பிரதி நாளைக்கு வருமாம். வந்ததும் இங்கே போடுகிறேன், நீயும் ஒருக்கால் பார் பிள்ளை.