புதுப்பிப்பு: வெடிச் சத்தமும் எங்கள் மணியும்

தீபாவளி வெடிக்குக் கட்டிலடியில் புகுந்து நடுங்கும் எங்கள் நாய் மணியை எப்படி அமைதிப்படுத்துவது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இந்த வருஷம் நிறையவே தேறிவிட்டான்.

பெரிதும் உதவியது முன்கூட்டிய பழக்கம்தான். ஆகஸ்டிலேயே செல்போனில் வெடிச் சத்தத்தை மிக மெதுவாக ஓடவிட்டு, கூடவே வேகவைத்த கோழித் துண்டு கொடுத்தோம். காது பின்னால் மடங்கினால் உடனே சத்தத்தைக் குறைத்துவிடுவோம். அவசரப்படுத்தினால் பயம் கூடத்தான் செய்யும். தீபாவளியன்று வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப்போய் வந்து, உள் அறையில் ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை வேகமாக வைத்தோம்.

தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று சிலர் சொன்னீர்கள். அப்படி இல்லை என்றார் கால்நடை மருத்துவர். ஒட்டி உட்கார்ந்தால் தாராளமாகத் தடவலாம். மாத்திரையில்தான் கவனம் வேண்டும். நம் தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. நாயை மந்தமாக்கும் அசெப்ரோமசின் என்ற மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு தளரும், பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

அப்புறம் அம்மா. அவருக்கும் சத்தம் கேட்டால் படபடப்பு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொன்னோம். இதயத்துடிப்பு மெல்லத் தணிந்தது.

அடுத்து இடிச் சத்தம். இடியின் ஒலிப்பதிவைப் போட்டு நாயைப் பழக்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.