சாங்ஷன்ஸ்: ‘தண்டனைத் தடை’யா, ‘நெருக்குதடை’யா?

> குற்றம் செய்த நாட்டின் மேல்தானே விதிக்கிறார்கள்? ‘தண்டனைத் தடை’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, வணக்கம். ஒரு நாட்டைப் பணியவைக்க அதன் மீது விதிக்கும் தடைகளைக் குறிக்கும் ‘சாங்ஷன்ஸ்’ (sanctions) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘தண்டனை’ பொருந்தாது. லைபீரியா மீது ஐ.நா. பாதுகாப்பு அவை 2001 மார்ச்சில் நிறைவேற்றிய 1343ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். அண்டை நாடான சியரா லியோனில் ஆர்.யு.எஃப். கிளர்ச்சிப் படைக்கு லைபீரிய அதிபர் சார்லஸ் டெய்லரின் அரசு துணைநிற்கிறது, அவர்களின் வைரம் லைபீரியா வழியாக வெளியே போகிறது என்பது குற்றச்சாட்டு. ஆயுதத் தடை உடனே வந்தது. வைரத்துக்கும் அதிகாரிகளின் பயணத்துக்குமான தடைகள் வருவதற்கு இரண்டு மாதக் கெடு. அதற்குள் கிளர்ச்சிப் படைக்கான உதவியை நிறுத்தியிருந்தால் அவை நடைமுறைக்கே வந்திருக்காது. நிறுத்தவில்லை, மே 7 முதல் வந்தன. பணிந்தால் விலக்கிக்கொள்வோம் என்பதைத் தண்டனை என்று எப்படிச் சொல்வது? டெய்லருக்குத் தண்டனை பிறகு நீதிமன்றத்தில்தான் கிடைத்தது: 2012இல் 50 ஆண்டு சிறை.

நெருக்கி வழிக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்பதால் ‘நெருக்குதடை’ என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘சாங்ஷன்’ என்று அப்படியே எழுதினால் லோன் சாங்ஷன் ஆனதுதான் நினைவுக்கு வரும்.

> நெருக்குதடை நன்றாக இருக்கிறது. ஆனால் 2004இல் 1532ஆம் தீர்மானம் டெய்லரின் சொத்தை முடக்கியதே, அதுவும் ‘தடை’க்குள் அடங்குமா?

அடங்கும் அம்மா. தடை யாருக்கு என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். பணத்தை விடுவிக்கக் கூடாது என்பது வங்கிக்கு. வைரத்தை இறக்கக் கூடாது என்பது மற்ற நாடுகளின் சுங்கத் துறைக்கு. நெருக்கப்படுவது லைபீரியா, தடுக்கப்படுவது மற்றவர்கள். அதனால்தான் ‘லைபீரியாவுக்குத் தடை’ என்று எழுதாமல் ‘லைபீரியா மீது நெருக்குதடை’ என்று எழுதவேண்டும். சொத்து விஷயத்தில் ‘பறிமுதல்’ வேண்டவே வேண்டாம். உடைமை மாறவில்லை, உணவு, வாடகை, மருந்துச் செலவுக்கு விலக்கும் உண்டு. ‘முடக்கம்’ போதும்.

மொழிபெயர்ப்பில் அடிக்கடி சறுக்கும் இடம் வைரம். ‘லைபீரிய வைரத்துக்குத் தடை’ என்று போட்டால் தீர்மானத்தின் உயிரே போய்விடும். அந்நாட்டில் எடுத்ததோ இல்லையோ, அங்கிருந்து வரும் பட்டை தீட்டாத வைரம் எதையும் இறக்குமதி செய்யக் கூடாது என்பது வாசகம். சியரா லியோன் கல்லை லைபீரியக் கல் என்று சொல்லி விற்கும் வழியை அடைத்தது அந்த ஒரு சொற்றொடர்தான். இப்படித் தப்புவதற்கு ‘தடை ஏய்ப்பு’ என்போம். ‘வரி ஏய்ப்பு’ ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது.

> ‘பயணத் தடை’யை அப்படியே விட்டுவிடலாமா?

நாளிதழில் இருக்கட்டும், அகராதியில் வேண்டாம். தீர்மானம் கேட்பது அவர்களை உள்ளே விடாதே, உன் நாட்டு வழியாகக் கடக்கவும் விடாதே என்பதுதான். தன் குடிமகனைத் திருப்பி அனுப்பும் கடமை எந்த நாட்டுக்கும் இல்லை. ‘நுழைவு–கடப்புத் தடை’ என்று பதிவோம். 2003இல் 1478ஆம் தீர்மானம் சேர்த்ததற்கு ‘மரத் தடை’ என்று மட்டும் போடாமல், ‘உருட்டு மரம், மரப்பொருள் இறக்குமதித் தடை’ என்று விரித்தே எழுதுங்கள். அறுத்த பலகையும் அதில் அடக்கம்.