மறு: ஈக்கோடைப் – வேர்ப்பூஞ்சைக்கு எந்தச் சொல்?

வணக்கம். ஒரு சூழலுக்கு மரபிலேயே தகவமைந்த உயிரினப் பிரிவுதான் ஈக்கோடைப், அதாவது சூழல்வகை. செடியின் வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைக்கு அகராதிப் பதிவில் இதற்கு ஈடாக எந்தச் சொல்லை எழுதுவது என்பதே கேள்வி.

> உவர்நிலத்தில் எடுத்த பூஞ்சையை 'உவர்ச் சூழல்வகை' என்றே எழுதிவிடலாமே. தனிச்சொல் எதற்கு?

எழுதலாம்தான். ஆனால் சோதித்துப் பார்க்காத ஒன்றை உறுதியானதாகச் சொன்னதாகிவிடும். சுவீடன் தாவரவியலாளர் டூரெசன் 1922-இல் ஈக்கோடைப் என்ற சொல்லைத் தந்ததே, வெவ்வேறு இடத்துச் செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்த பிறகும் வேறுபாடு நிலைத்ததைக் கண்டுதான். மரபில் பதிந்த வேறுபாடு என்பதே அச்சொல்லின் உயிர். உவர்நிலத்தில் கிடைத்த பூஞ்சை உவருக்குத் தகவமைந்ததாகவும் இருக்கலாம். உவரைச் சகித்துக்கொண்டு வெறுமனே அங்கே கிடந்ததாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெரும்பாலான சோதனைகளில் செடி வளரும் தொட்டிக்குப் போவது தனியொரு பூஞ்சை அல்ல, வயல்மண்ணோடு வரும் பல இனங்கள். 2010-இல் வெளியான அமெரிக்கப் புல்வெளி ஆய்வு (கோன்சா, சீடர் கிரீக், ஃபெர்மி என்ற மூன்று இடங்கள்) மண், பூஞ்சை, ஆண்ட்ரோபோகன் ஜெரார்டி புல் மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்தது. அந்தந்த மண்ணில் எந்தச் சத்து பற்றாக்குறையோ, அதைப் பெறுவதில் அதே இடத்து மண், பூஞ்சை, புல் மூன்றும் சேர்ந்த சேர்க்கையே சிறந்தது. அங்கே இடம் மாறியது முழுப் பூஞ்சைக் கூட்டம். அதை 'வகை' என்பது பிழை. மாறாக, ஜெர்மனியின் பிரைனிகர்பெர்க் துத்தநாக மண்ணில் வளரும் வயோலா கலமினாரியாவின் வேரிலிருந்து பிரித்த பி.ஆர்.1 என்ற பூஞ்சை தனியொரு பிரிப்பு, அதாவது மற்றவற்றிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தது. கன உலோகம் மிகுந்த மண்ணிலும் அதனோடு மக்காச்சோளம் வளர்ந்தது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். தனிப் பிரிப்புக்கு தாய்மண் வகை, கலவைக்கு தாய்மண் திரள் என்பது என் முன்மொழிவு.

— — —

> தாய்மண் வகை, தாய்மண் திரள்

'திணைவகை' இன்னும் அழகாக இருக்காதா? நிலமும் அதற்குரிய உயிர்களும் திணைக்குள் அடங்கிவிடும்.

— — —

அழகுதான், ஆனால் அளவு பொருந்தாது. திணை ஒரு நிலப்பரப்பைக் குறிக்கும். பூஞ்சை வேறுபாடு ஒரே ஊரில், ஆண்டுதோறும் பாஸ்பேட் உரம் இட்ட வயலுக்கும் இடாத வயலுக்கும் இடையிலேயே தோன்றலாம். உரமிட்ட மண்ணில் செடிக்குக் குறைவாக உதவும் பூஞ்சைகள் மேலோங்கக்கூடும் என்ற கருத்தை மினசோட்டா மண்ணை வைத்துச் சோதித்த ஆய்வு 1993-இலேயே வந்துவிட்டது. இரண்டு வயலும் மருதமே! தாய்மண் என்றால் எந்த அளவுக்கும் பொருந்தும்.

சொல்லோடு அதற்கான தகுதியையும் அகராதிப் பதிவில் எழுதிவிட வேண்டும். வயல்மண்ணை நேரே தொட்டியில் கொட்டினால் அதன் உப்பும் பாஸ்பரசும் கூடவே வந்துவிடும். விளைச்சல் கூடியது பூஞ்சையாலா, மண்ணாலா என்று பிரிக்கவே முடியாது. அதனால் இரண்டு இடத்துப் பூஞ்சைகளையும் முதலில் ஒரே கிருமிநீக்கிய மணல் கலவையில், சோளத்தின் வேரில், 3 முதல் 4 மாதம் பெருக்க வேண்டும். பாஸ்பரஸ் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும். மிகுந்தால் வேரில் பூஞ்சை ஏறாது. கடைசி இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்தி, வேரை நறுக்கி மண்ணோடு கலந்தால் இனாகுலம் (தொட்டியில் இடும் பூஞ்சைக் கலவை) தயார்.

பிறகு தொட்டிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போதும். எடையைச் சமமாக்கினால் போதாது. நீர்த்தல் முறையில் வேரேறும் திறனுள்ள அலகுகளை (வித்து, இழை, வேர்த்துண்டு) எண்ணிச் சமமாக்க வேண்டும். இல்லையென்றால் வீரியமான பூஞ்சை எது, வெறுமனே அதிகமாக இருந்த பூஞ்சை எது என்று தெரியாது. பூஞ்சை இல்லாத தொட்டிக்கும் கிருமிநீக்கிய இனாகுலத்தை அதே அளவு இட்டு, 20 மைக்ரான் வடியில் வடித்த நீரையும் ஊற்ற வேண்டும். பாக்டீரியா மட்டும் போகும். பூஞ்சை வித்து நின்றுவிடும். பலர் விட்டுவிடும் படி இதுதான்.

121 டிகிரியில் கிருமிநீக்கிய மண்ணில் மாங்கனீசும் அம்மோனியமும் உயரும். உடனே நட்டால் நாற்று மஞ்சளிக்கும். பழியைப் பூஞ்சை சுமக்கும். இரண்டு வாரம் ஆறவிட்டு நடுவது நல்லது. கடுகு, முட்டைக்கோஸ் இரண்டும் சோதனைப் பயிராகா. அவற்றின் வேரில் இந்தப் பூஞ்சை உறவு அமையாது.

ஒவ்வொரு பூஞ்சையும் தன் தாய்மண்ணில் மற்றதை முந்தினால்தான் தகவமைப்பு என்று சொல்லலாம். எல்லா மண்ணிலும் ஒரே பூஞ்சை முந்தினால் அது பொதுத்திறன். 'தாய்மண் வகை' என்ற பெயரை அதற்குக் கொடுக்கக்கூடாது.

— — —

ஏற்கிறேன். சோதனை நடக்கும் மண்ணுக்கும் ஒரு சொல் தேவைப்படும், 'வளர்மண்' எனலாமா? அட்டவணைத் தலைப்பில் 'தாய்மண்: உவர், வளர்மண்: செம்மண்' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். சோதித்துப் பார்க்காத பிரிப்புகளுக்கு 'உவர்மண் பிரிப்பு' என்று மட்டும் எழுதுவோம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பதிவைத் திருத்திவிடுகிறேன்.